தலையின் விலையும் உயிரின் விலையும்

மேற்குத் தாம்பரத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் மாதம் ஒரு முறை கூடும் வாசிப்பு வட்டமொன்றில் அண்மையில் நாம் கலந்துகொண்டோம். அன்றைய பொருள் வேறு. பேச்சு முடிந்து தேநீர் பரிமாறப்பட்ட வேளையில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் தம் பையிலிருந்து பழைய சித்திரக்கதை நூலொன்றை எடுத்து வைத்தார். சிவகாசியில் அச்சான நூல். அட்டையில் அகன்ற தொப்பியணிந்த ஒருவன் குதிரை மீதமர்ந்து செம்மண் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளைஞர் கேட்டார்: "பாய், தன் குடும்பத்தை அழித்தவனை ஒருவன் தேடிப் போகிறான். அந்தக் கொலைகாரனின் தலைக்கு அரசாங்கமே விலை வைத்திருக்கிறது. பழியும் தீர்கிறது, பணமும் கிடைக்கிறது. இதில் தவறு என்ன இருக்கிறது?"

பெரியவர்கள் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம், கேள்வி விளையாட்டானதன்று. ஒரு கொலைக்குப் பின் பணம் கைமாறுமாயின் அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குச் செல்ல வேண்டும் என்ற பழைய வழக்கு அதனுள் இருக்கிறது. அவ்வழக்கை, அந்த இளைஞர் விரும்பிப் பார்க்கும் படங்களைக் கொண்டே ஆராய்வது தகும் எனக் கருதுகிறோம்.

அமெரிக்க மேற்கைத் தமிழர் அறிந்த வழிகள் இரண்டு. ஒன்று சித்திரக்கதை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் நம் பிள்ளைகளுக்கு டெக்சாஸையும் அரிசோனாவையும் செங்கல்பட்டைப் போல் பழக்கப்பட்ட ஊர்களாக்கிவிட்டன. மற்றொன்று திரைப்படம். எகிப்திய நடிகர் உமர் ஷரீஃப் கொள்ளைக்காரனாகத் தோன்றிய 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) இந்தியாவில் பெரும் வெற்றி பெற்றது. இவ்விரு வழிகளிலும் நம்மை வந்தடைந்த மாந்தருள் ஒருவன் வெகுமதி வேட்டையன். அவன் காவலனல்லன், நீதிபதியுமல்லன். சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பில் காணும் முகத்தைத் தேடிப் பிடித்தோ கொன்றோ கொணர்ந்து, அறிவித்த தொகையைப் பெற்றுச் செல்பவன்.

வரலாற்றில் இத்தொழில் படங்களில் காண்பதுபோல் வீரம் செறிந்ததாக இருந்ததில்லை. 1881ஆம் ஆண்டில் மிசௌரி மாநில ஆளுநர் தாமஸ் கிரிட்டென்டன், ரயில் நிறுவனங்களின் பணத்தைக் கொண்டு, ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்னும் கொள்ளைக்காரனுக்கும் அவன் அண்ணன் ஃபிராங்குக்கும் தலைக்கு 5,000 டாலர் என வெகுமதி அறிவித்தார். 1882 ஏப்ரல் 3ஆம் நாள் ஜெஸ்ஸியின் கூட்டாளி ராபர்ட் ஃபோர்டு, அவன் வீட்டிலேயே, அவன் முதுகுப்புறம் நின்று சுட்டுக் கொன்றான். ஃபோர்டு சகோதரர்களுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அன்றே ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். வெகுமதியில் ஒரு சிறு பகுதியே அவர்கள் கைக்கு வந்தது. எதிரெதிர் நின்று துப்பாக்கி உருவும் காட்சி திரைப்படம் படைத்துக்கொண்டது. தலைக்கு விலை வைத்தால் முதலில் விலைபோவது நட்பு என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இனிப் படங்களுக்கு வருவோம். செர்ஜியோ லியோனி இயக்கிய 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' (1965) இத்துறையில் முதன்மையாக எண்ணத்தக்கது. அதில் இரு வேட்டையர். கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏற்ற மோன்கோ பணத்துக்காக வேட்டையாடுபவன். லீ வான் கிளீஃப் ஏற்ற கர்னல் மார்ட்டிமர் பணத்துக்காக வேட்டையாடுவதாகத் தோன்றுபவர். இருவரும் தேடுவது இந்தியோ என்னும் கொடியவனை. அவனிடம் இசையெழுப்பும் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் இணை கர்னலிடம் இருக்கிறது. அக்கடிகாரம் கர்னலின் தங்கைக்குரியது. இந்தியோ அவள் துணைவனைக் கொன்று, அவளைக் கெடுத்து, அவள் தன்னைத்தானே சுட்டு மடியக் காரணமானவன் என்பதை இறுதியிலேயே அறிகிறோம். பழி தீர்ந்தபின் கர்னல் வெகுமதியில் தம் பங்கைத் தொடாமல் குதிரையேறிச் செல்கிறார். மோன்கோ பிணங்களை வண்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிக் கணக்குப் பார்க்கிறான். கணக்கு இடிக்கிறது, ஒருவன் இன்னும் உயிரோடு பின்னால் நிற்கிறான் என்பதை அக்கணக்கே அவனுக்கு உணர்த்துகிறது.

இக்காட்சியைப் பாராட்டாத விமரிசகர் இலர். பழியையும் பணத்தையும் ஒரே கையில் ஏந்த முடியாது என்பதை லியோனி உணர்ந்திருந்தார். கர்னல் பணத்தைப் பெற்றிருப்பாராயின் தங்கையின் மரணம் விற்பனைப் பொருளாகியிருக்கும். இது வரை நாமும் உடன்படுகிறோம். ஆயினும் இப்படத்தில் வேறொரு காட்சி உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறையிலிருந்து தப்பிய இந்தியோ, முன்னர்த் தன்னைப் பிடித்துக் கொடுத்து வெகுமதி பெற்ற மனிதனைத் தேடிச் செல்கிறான். அம்மனிதன் அப்பணத்தைக் கொண்டு இல்வாழ்க்கை தொடங்கியிருக்கிறான். மனைவியும் பச்சிளங் குழந்தையும் இருக்கின்றனர். என் தலையை விற்ற பணத்தில் எழுந்த குடும்பம் இது, இதில் எனக்கும் பங்குண்டு என்னும் பொருள்பட இந்தியோ பேசுகிறான். தாயும் குழந்தையும் கொல்லப்படுகின்றனர். வெகுமதி பழியை ஈன்றது. அப்பழி மேலும் இரண்டு பேதை உயிர்களைக் கொண்டது. படம் அவர்களுக்காக நின்று அழவில்லை. இறுதியில் வண்டி நிறையப் பிணங்களும் பை நிறையப் பணமும் இருக்கின்றன. இந்தியோவால் பெற்றோரையோ பிள்ளையையோ இழந்த எந்த வீட்டுக்கும் அப்பணத்தில் ஒரு காசு சேரவில்லை.

ஆண்டனி மான் இயக்கிய 'தி நேக்கட் ஸ்பர்' (1953) இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. போருக்குச் சென்றிருந்த காலத்தில் தன் பண்ணையை இழந்த ஹோவர்டு கெம்ப், அதை மீட்பதற்காக 5,000 டாலர் விலை வைக்கப்பட்ட ஒருவனைப் பிடிக்கக் கிளம்புகிறான். ஈற்றில் அவன் கையில் எஞ்சுவது அம்மனிதனின் பிணம். பிணத்துக்கும் பணம் உண்டு. அதைக் குதிரையில் ஏற்ற முனைந்தவன், உடனிருந்த பெண்ணின் முன் நின்று உடைந்தழுகிறான். பிணத்தை அங்கேயே அடக்கம் செய்கிறான். மனித உடலைச் சரக்காகக் கருதுவதினின்று ஒருவன் மீண்டு வரும் கதை இது. வெகுமதி வேட்டையைப் பற்றிய படங்களுள் இதனளவு மனந்திருந்திய படத்தை நாம் கண்டதில்லை.

கிளின்ட் ஈஸ்ட்வுட் தாமே இயக்கி நடித்த 'அன்ஃபர்கிவன்' (1992) கேள்வியை நேராகவே எழுப்புகிறது. வயோமிங் மாநிலச் சிற்றூர் ஒன்றில் விலைமகள் ஒருத்தியின் முகத்தை ஒருவன் கத்தியால் கீறிச் சிதைக்கிறான். ஊர்க் காவல் தலைவன் வழங்கும் தீர்ப்பு வியப்பானது. குற்றவாளியும் அவனுடன் வந்தவனும் குதிரைகள் சிலவற்றை ஈடாகத் தர வேண்டும். அவை சேர வேண்டியது அவளுக்கன்று, அவளை விலைகொடுத்து வைத்திருக்கும் விடுதி உரிமையாளனுக்கு. முகத்தை இழந்தவள் ஒருத்தி. ஈடு பெற்றவன் வேறொருவன். இந்த அநீதி பொறாத பெண்கள் தம் சேமிப்பைத் திரட்டி 1,000 டாலர் வெகுமதி அறிவிக்கின்றனர். அதை நாடி வரும் முதிய கொலைகாரன் வில் மன்னி, தன் நண்பன் சித்திரவதையால் மாண்டதறிந்து, வெகுமதி வேட்டையனாயிருந்த நிலை மாறிப் பழிவாங்குபவனாகிறான். பலர் மாண்டபின் படம் முடிகிறது. தொடக்கத்தில் அந்த ஈடு சேர வேண்டியவளிடம் சேர்ந்து, அவள் ஏற்கத்தக்க தண்டனையும் நிகழ்ந்திருந்தால் பின்னர் வந்த ஒரு குண்டும் வெடித்திராது. ஆதலின் இப்படத்தின் வித்து பழியுணர்ச்சியன்று. தவறான கைக்குச் சென்ற ஈடே என்பது நம் துணிபு.

இவ்விடத்தில் நம் வாசகர்க்குச் சுராக்கா இப்னு மாலிக் நினைவுக்கு வந்திருப்பார். கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை நீங்கிய பொழுது, குறைஷியர் அவர்களைப் பிடித்தோ கொன்றோ தருபவர்க்கு வெகுமதி அறிவித்தனர். நூறு ஒட்டகங்கள் என்பது இப்னு ஹிஷாம் தரும் செய்தி. புகாரியின் அறிவிப்போ இன்னும் கூர்மையானது: இருவருள் ஒவ்வொருவருக்கும் ஒரு தியத்தின் அளவு, அதாவது ஓர் உயிருக்குரிய இரத்த ஈட்டின் அளவு, விலை வைக்கப்பட்டது என்கிறது அது. பனூ முத்லிஜ் குலத்தவரான சுராக்கா, மற்றவர் அறியாமல் வெகுமதியைத் தாமே அடையும் வேட்கையில் குதிரையேறினார். பாலை நிலத்தின் வெகுமதி வேட்டையர் அவர். நெருங்கியபோது குதிரையின் முன்னங்கால்கள் மணலில் புதைந்தன. அவர் வேண்டியது பாதுகாப்பு. அண்ணலார் அவரைப் பழிக்கவில்லை. தோல் துண்டொன்றில் அபயச் சீட்டு எழுதிக் கொடுக்கச் செய்தார்கள். தலைக்கு விலை பேச வந்தவர் தம் தலைக்கு உறுதிச் சீட்டுப் பெற்றுத் திரும்பினார். வழியில் எதிர்ப்பட்ட மற்ற வேட்டையரையும் திருப்பியனுப்பினார்.

நூறு ஒட்டகங்கள் என்னும் அவ்வெண்ணைச் சற்று உற்று நோக்குவோம். இஸ்லாமியச் சட்டத்தில் ஓர் உயிருக்கான தியத்தும் நூறு ஒட்டகங்களே. தொகை ஒன்று, போகும் திசை வேறு. குறைஷியர் அறிவித்தது இனிச் செய்யப்போகும் கொலைக்குக் கொலைஞன் பெறும் கூலி. தியத் என்பது நிகழ்ந்துவிட்ட கொலைக்குக் கொன்றவன் தரப்பினர் இழந்தவர் வீட்டுக்குச் செலுத்தும் ஈடு. முன்னது ஒரு பிணத்தை வரவழைக்கிறது. பின்னது அடுத்த பிணம் விழாமல் தடுக்கிறது. இளைஞரின் வினாவுக்கான விடை இவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது எனக் கருதுகிறோம்.

பழியின் கொடுமையை அரபுலகம் அறியாததன்று. ஒரு பெண் ஒட்டகம் கொல்லப்பட்டதில் மூண்ட பஸூஸ் போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததென மரபு கூறும். உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷியும் கூலிக்குக் கொன்றவரே. பத்ரில் மாண்ட தம் சிறிய தந்தைக்குப் பழிதீர்க்க விரும்பிய ஜுபைர் இப்னு முத்இம், அடிமையாயிருந்த அவருக்கு விடுதலையைக் கூலியாக வாக்களித்திருந்தார். பிற்காலத்தில் வஹ்ஷி இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது அண்ணலார் வாளை உருவவில்லை. தம் கண்ணெதிரே வராதிருக்க இயலுமா என்று மட்டும் கேட்டார்கள். மன்னிப்பு வேறு, மறதி வேறு என்பதை அவ்வேண்டுகோள் எத்துணை மென்மையாக உணர்த்துகிறது! கி.பி. 632இல் நிகழ்த்திய இறுதிப் பேருரையில் அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் அண்ணலார் தள்ளுபடி செய்தார்கள். முதலாவதாகத் தள்ளியது தம் சொந்தக் குடும்பத்துப் பழியை. திருக்குர்ஆன் கிஸாஸை அனுமதிக்கிறது. ஒத்த அளவைத் தாண்டக்கூடாதென வரையறுக்கிறது. ஈட்டையும் மன்னிப்பையும் அருகே வைத்து, மன்னிப்பை உயர்த்திப் பேசுகிறது. தேர்வு இழந்தவருடையது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஈடு என்பது செல்வர் கொலையை விலைக்கு வாங்கும் வழியாகிவிடாதா என்பர். ஆகியிருக்கிறது. 2011இல் லாகூரில் இருவரைச் சுட்டுக் கொன்ற அமெரிக்க உளவுத் துறை ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் இரத்த ஈட்டின் பெயரால் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். குடும்ப மானத்தின் பேரில் மகளைக் கொன்றவனை அவன் வீட்டாரே மன்னிக்கும் கொடுமை பெருகியதால் 2016இல் பாகிஸ்தான் தன் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. இழந்தவரின் விருப்பம் அச்சமின்றி வெளிப்படாத இடத்தில் ஈடும் வெறும் வணிகமே. கோட்பாட்டைப் போற்றும் நாம் இதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ் மரபு இவ்வழக்கை எவ்வாறு நோக்கியது? நமக்கும் ஓர் எல்லைப்புற இலக்கியம் இருந்தது. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் நூல்கள் வகுத்தன. குதிரைக்காரர் மாட்டு மந்தைகளைச் சூழும் படங்களைத் தமிழர் எளிதில் ஏற்றதற்கு இது ஒரு காரணமாகலாம். கவர்ந்த ஆநிரையைப் பகுத்துக் கொடுப்பதற்குப் பாதீடு என்னும் துறையே உண்டு. ஆனால் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். அவன் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி என்னும் நிலக்கொடை அளித்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சிந்திய உதிரத்தின் பெயரால் வழங்கிய நிலம், உதிரம் சிந்தியவனின் வீட்டுக்கே சென்றது. இம்மரபு தியத்தன்று, எனினும் இழந்த வீட்டை நோக்கிய அதன் பார்வை நமக்கு அயலானதன்று.

தமிழ்த் திரை மேற்கத்தியப் படங்களைத் தழுவிய விதமும் ஆராயத்தக்கது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகியவை குதிரையையும் துப்பாக்கியையும் தமிழ் மண்ணுக்குக் கொணர்ந்தன. ஆனால் சுவரில் ஒட்டிய அந்த வெகுமதி அறிவிப்பு இங்கே வேரூன்றவில்லை. தந்தைக்காகவும் தங்கைக்காகவும் பழிதீர்க்கும் நாயகனைத் தமிழ்ப் பார்வையாளர் ஏற்பர். பிணத்தை எடைபோட்டுக் காசு வாங்குபவனை ஏற்பதரிது. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) ஜெய்சங்கர்புரம் என்னும் ஊரையும் கிழக்குக்கட்டை என்னும் வில்லனையும் படைத்து அம்மரபை அன்போடு நகையாடியது. ஈஸ்ட்வுட் என்னும் பெயரைத் தமிழாக்கினால் கிழக்குக்கட்டை! சிரித்தோம். இறக்குமதியான தொப்பி நமக்கு எங்கே பொருந்தவில்லை என்பதை அச்சிரிப்பு காட்டிக்கொடுத்தது.

எனினும் பழியைப் பணத்தினின்று பிரித்துவிட்டதால் தமிழ்ப் படம் தூயதாகிவிட்டதா? இல்லை என்போம். பணத்தோடு இழந்தவர் வீட்டையும் அது கதையினின்று நீக்கிவிட்டது. 1991 ஏப்ரலில் வெளிவந்த 'கேப்டன் பிரபாகரன்' இதற்குச் சான்று. ஆர்.கே. செல்வமணி இயக்கிய அப்படத்தில், சந்தனக் கடத்தல்காரன் வீரபத்ரனால் கொல்லப்பட்ட நண்பனுக்காக வனத்துறை அதிகாரி காடு புகுகிறார். அவ்வாண்டு நவம்பரில் வீரப்பன், சரணடைவதாக நம்பவைத்து, கோபிநத்தம் மக்களுக்கு நற்பணிகள் செய்து வந்த வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸைக் கொன்றான். திரையில் கண்டது ஏழே மாதத்தில் நம் மேற்கெல்லையில் நிகழ்ந்தது.

அக்காட்டு வேட்டை எவ்வாறு முடிந்தது? 2004 அக்டோபர் 18ஆம் நாள் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாயும் பதவி உயர்வும் வீட்டுமனையும் உடனே அறிவிக்கப்பட்டன. அவர்களுள் உயிரைப் பணயம் வைத்துக் கடமையாற்றியோர் உண்டு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேடுதல் வேட்டையின்போது சித்திரவதைக்கு ஆளானதாக முறையிட்ட மலைவாழ் மக்களைப் பற்றி நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைந்தது 1999இல். தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேர்க்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது 2007இல். வேட்டையாடியவர்க்குப் பரிசு சில நாள்களில். வேட்டையின் காலடியில் நசுங்கியவர்க்கு ஈடு பல்லாண்டுகளுக்குப் பின். இதைக் கதைப்பொருளாகக் கொள்ளும் துணிவு வெகுமதி வேட்டைப் படங்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை.

திரைக்கு வெளியேயும் சுவரொட்டி இன்னும் கிழியவில்லை. 2017இல் அரியானாவில் ஓர் அரசியல் கட்சிப் பிரமுகர், திரைப்படம் ஒன்றின் இயக்குநர், நடிகை ஆகியோர் தலைகளுக்கு 10 கோடி ரூபாய் அறிவித்தார். 2023இல் அயோத்தித் துறவி ஒருவர் தமிழக அமைச்சர் ஒருவரின் தலைக்கு 10 கோடி என்றார். இவற்றைக் கண்டிப்பது நமக்கு எளிது. ஆனால் 2006இல் டென்மார்க் கேலிச்சித்திரக்காரரின் தலைக்கு 51 கோடி ரூபாய் அறிவித்தவர் உத்தரப் பிரதேசத்தின் முஸ்லிம் அமைச்சர் ஒருவர். அன்று நம்முள் எத்துணை பேர் வாய் திறந்தோம்? அண்ணலாரின் பெயரால் தலைக்கு விலை வைத்தவர், அண்ணலாரின் தலைக்கே விலை வைத்தவர்களின் வழியைப் பின்பற்றுகிறார் என்பதை அன்றே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சுராக்காவின் வரலாற்றை மீலாது மேடைகளில் அற்புதமாக மட்டுமே பேசி வந்ததன் விளைவு இது. மணலில் குதிரைக்கால் புதைந்ததைச் சொல்கிறோம். அபயச் சீட்டைச் சொல்ல மறக்கிறோம்.

2024ஆம் ஆண்டில் வேறொரு செய்தியும் வந்தது. சவூதி அரேபியாவில் ஒரு சிறுவனின் மரணத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரை மீட்பதற்கு, கேரளத்திலும் கடல் கடந்தும் வாழும் பல சமயத்து மக்கள் சேர்ந்து ஏறத்தாழ 34 கோடி ரூபாய் இரத்த ஈடு திரட்டினர். அவர் முகத்தையும் அறியாத எண்ணற்றோர் கொடுத்த காசு அது. தண்டனை நீக்கப்பட்டது. ஒரு தலையை எடுக்க ஒருவர் அறிவித்தது 51 கோடி. ஒரு தலையைக் காக்கப் பல்லாயிரவர் ஈந்தது 34 கோடி. இவ்விரண்டில் எது பெரிய தொகை என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞரைக் காண்போம். சித்திரக்கதையைப் படிக்க வேண்டாமென்று சொல்ல மாட்டோம், நாமும் படித்தவர்களே. கடைசிப் பக்கத்தில் பணப்பை யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும்படி மட்டும் சொல்வோம். பிறகு, அது யார் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றும் கேட்போம்.